நித்திரை கேட்டு எழுதிய மன்றாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேமுக்காலுக்கு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீட்டில் றேமண்ட் மாஸ்டர் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குச் சற்று முன்தான் கொட்டாஞ்சேனையில் முந்நூறு பேர் எழுந்து நின்று அவருடைய ஆன்மாவுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டுச் செபித்து முடித்திருந்தார்கள்.

இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, மசித்து, கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தவள் இமெல்டா. அவரைச் செத்தவராக்கியவளும் அவள்தான். அது அவளுக்கு இன்னும் தெரியாது.

தொலைபேசி அடித்தது. மாஸ்டரின் மகள் சுதர்சினி எடுத்தாள். ரொறன்ரோவிலிருந்து அவளுடைய அண்ணன்.

"அண்ணா, ஏன் அழுறாய்? ஆர் செத்தது? உனக்கென்ன விசரே? அப்பா இஞ்ச இருந்து இடியப்பம் சாப்பிடுறார்... கோயில்ல சொன்னவையோ? எந்தக் கோயில்ல? பேஸ்புக்ல பூசை பாத்தனியோ?"

கோயில் என்றதும் இமெல்டாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. மாஸ்டர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

இமெல்டாவுக்கு அறுபத்தொரு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் தனியாக இருக்கிறாள். கணவன் இறந்தபோது அவளுக்கு வயது நாற்பது. அழுது முடித்த மறுமாதமே நோயாளர் பராமரிப்புக்கான ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தாள். பிறகு கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லம் ஒன்றில் பத்து வருடம். அதன் பிறகு வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் வேலை. பாடசாலையில் அவள் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் அல்ல. எழுதப் பழகியது முதியோர் இல்லத்தின் அறிக்கைப் புத்தகத்தில்தான்.

ஒருவர் வேலை முடித்துப் போகும்போது அடுத்து வருபவருக்கு எழுதிவைக்கும் புத்தகம் அது. அதை மேற்பார்த்த கன்னியாஸ்திரி கண்டிப்பானவர். "நல்லாயிருக்கிறார்" என்று யாராவது எழுதினால் அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டிவிடுவார். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எவ்வளவு மிச்சம் விட்டார், எந்தப் பக்கம் திரும்பினால் முனகுகிறார் என்றெல்லாம் எழுத வேண்டும். வாசிக்கிறவர் வாசித்தவுடன் எழுந்து போய் ஏதாவது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இமெல்டாவுக்கு இது பிடித்துப்போயிற்று.

நான்கு வருடங்களுக்கு முன் பங்குத்தந்தை ரெனால்ட், ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுக்க வந்த வீட்டில் அந்த அறிக்கைப் புத்தகத்தைப் பார்த்தார். நோயாளி குளித்து வரும்வரை முழுவதையும் வாசித்தார்.

"அன்ரி, கோயிலுக்கும் இப்பிடி எழுதித் தருவீங்களோ?"

"கோயிலுக்கு என்னத்தை, பாதர்? சுரம் எத்தனை எண்டோ?"

"ஓம், அதைத்தான்."

ஞாயிறு தமிழ்ப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு என்று ஒரு பகுதி உண்டு. வாசகர் ஒருவர் தேவைகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். சபை பதில் சொல்லும். அதுவரை அச்சிட்ட புத்தகத்திலிருந்து வாசித்தார்கள். உலகத் தலைவர்களுக்காக, உலக சமாதானத்துக்காக, எல்லா நோயாளருக்காக. கேட்டுக்கேட்டுச் சனத்துக்குக் காது மரத்துப்போயிருந்தது. இமெல்டா எழுதத் தொடங்கியதும் மன்றாட்டு வேறு மாதிரி ஆயிற்று. "தண்ணீர்க்குழாய் உடைந்ததிலிருந்து நாலாம் மாடிக்கு வாளி தூக்கும் கர்ப்பிணிப் பெண்களுக்காக." "புதுக்கடை நீதிமன்றத்தில் தவணைக்குத் தவணை போய், உள்ளே கூப்பிடாமலே திரும்பி வரும் தாய்மாருக்காக." கடவுளிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறவள் மாதிரி எழுதினாள்.

தான் எழுதியது வாசிக்கப்படுவதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவள் வேலையில் நிற்க வேண்டும். அதனால் சனி மாலை சிங்களப் பூசைக்குப் போய்விடுவாள். வியாழக்கிழமை பிற்பகல் மாஸ்டர் படுத்திருக்கும்போது சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுவாள். வெள்ளி மாலை பங்குமனையில் தாளைக் கொடுப்பாள். அவ்வளவுதான்.

ஒருமுறை தாளை வாங்கும்போது பாதர் சொன்னார்: "இதுவும் ஒரு இறையழைத்தல்தான், அன்ரி."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இமெல்டாவுக்கு அது பயமாக இருந்தது. இறையழைத்தல் என்றால் குருமடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கும் கன்னியர் மடத்துக்குப் போகிறவர்களுக்கும் உரிய சொல். மலச்சட்டி கழுவுகிறவளுக்கு அது எதற்கு? ஆனால் சொன்ன பிறகு அந்தச் சொல் போகவில்லை. வியாழன் தோறும் பேனையை எடுத்தால் அதுவும் கூடவே வந்து எதிரில் இருந்துகொள்ளும். பிழை விட்டால் முன்பு அது இமெல்டாவின் பிழை மட்டும். இப்போது அழைத்தவருக்கும் அல்லவா அவமானம்?

அந்தப் பயத்தோடுதான் கடந்த வியாழக்கிழமையும் எழுதினாள். மாஸ்டர் பதினொரு இரவாக நித்திரை கொள்ளவில்லை. வைத்தியர் குளிசையை மாற்றிப் பார்த்தார், பலனில்லை. விளக்கைப் போட்டுவிட்டு விடியும்வரை சாய்ந்து இருப்பாராம். கேட்டால், "நித்திரை வருகுதில்லை" என்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் பாடசாலை அதிபராக இருந்தவர். பங்குச் சனத்தில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். அவர்களும் செபிக்கட்டுமே என்று நினைத்து இமெல்டா எழுதினாள்:

"எங்கள் பிள்ளைகளுக்காக முப்பது ஆண்டுகள் உழைத்து இளைப்பாறிய அதிபர் றேமண்ட் அவர்களுக்கு அமைதியான நித்திரையைத் தந்தருள வேண்டுமென்று."

நம் இலங்கையில் வேலையிலிருந்து விலகியவரை இளைப்பாறியவர் என்போம். இளைப்பாறிய தபாலதிபர், இளைப்பாறிய ஆசிரியை என்று பத்திரிகையில் தினமும் பார்க்கிறோம். அதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அந்த ஞாயிறு ரெனால்ட் பாதர் தியானத்துக்குப் போயிருந்தார். பூசை வைத்தவர் திருச்சியிலிருந்து வந்திருந்த விருந்தாளிக் குருவானவர். அவருடைய ஊரில் வேலையிலிருந்து விலகியவர் ஓய்வுபெற்றவர். இளைப்பாறியவர் கல்லறைக்குப் போனவர். இளைப்பாறிய அதிபர், அமைதியான நித்திரை. இரண்டும் ஒரே வரியில். அந்த மனிதர் வேறு என்னத்தை விளங்கிக்கொள்வார்? சபையை எழுந்து நிற்கச் சொல்லி, மறைந்த றேமண்டுக்காக நித்திய இளைப்பாற்றிச் செபத்தைத் தொடங்கினார். சனமும் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது. பதில் சொன்ன பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "மாஸ்டர் போயிட்டாரோ? எப்ப?"

பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. இமெல்டா கதவைத் திறந்தாள். தலை வழுக்கையான மூன்று பேர், கையில் மலர்வளையம். உள்ளே சில்லுக் கதிரையில் மாஸ்டர் நேர் எதிரே இருந்தார்.

"ஆரது?"

"மாஸ்டர்... நாங்கள் தொண்ணூற்றோராம் ஆண்டு வகுப்பு. சும்மா உங்களைப் பாத்திட்டுப் போக வந்தனாங்கள்."

"வளையத்தோடயோ?"

மூவரும் சிறுபையன்கள் மாதிரி நின்றார்கள். ஒருவர் வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது அவரைவிட அகலம். அடுத்தவர் உண்மையைக் கக்கிவிட்டார். சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் கட்டியாயிற்று, இப்போது அவிழ்க்கச் சொல்லிவிடுகிறோம் என்றார்.

"படம் இருக்கோ? காட்டும் பாப்பம்."

தொலைபேசியை நீட்டினார்கள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"பிறந்த வருஷம் பிழை. இரண்டு வயதைக் கூட்டிப் போட்டியள்."

எல்லோரும் சிரித்தார்கள். சுதர்சினிகூடச் சிரித்தாள். மாஸ்டரின் மற்றக் கை கதிரையின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததையும் நகங்கள் வெளுத்திருந்ததையும் இமெல்டா மட்டும் பார்த்தாள். நோயாளியின் முகத்தைவிடக் கையைப் பார்ப்பதுதான் அவளுடைய பழக்கம்.

அவர்கள் போனதும் சுதர்சினி குசினிக்கு வந்தாள். இப்போது சிரிப்பு இல்லை.

"இமெல்டா அக்கா, நீங்கள்தானே எழுதினது?"

"ஓம், பிள்ளை."

"அப்பான்ர பேரைப் போட அவரிட்டக் கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை."

சுதர்சினி அப்படியே திரும்பிப் போய்விட்டாள். ஏசியிருந்தால் இமெல்டாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை தொடர்மாடிப் படியில் பக்கத்து வீட்டு இரத்தினம்மா காத்திருந்தாள். அவள் கோயில் பக்கமே போகாதவள். ஆனால் கொட்டாஞ்சேனையில் நடக்கும் எதுவும் அவளுக்குத் தெரியாமல் நடக்காது.

"வாங்கோ வாங்கோ, மாஸ்டரைச் சாகடிச்ச மகராசி! எனக்கும் ஒண்டு எழுதி விடுங்கோவன். என்ர மருமகள் அழுறாளோ இல்லையோ எண்டு உயிரோட இருக்கேக்கயே பாத்திடுவன்."

இமெல்டா சிரிக்க முயன்றாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே போனாள்.

புதன்கிழமை ரெனால்ட் பாதர் திரும்பி வந்து தொலைபேசியில் கதைத்தார். பங்குச்சபையில் சிலர் பழைய புத்தகத்துக்கே போவோம் என்கிறார்களாம். "நான் அவையோட கதைக்கிறன். ஆனால் முதல்ல மாஸ்டர் என்ன சொல்லுறார் எண்டு எனக்குத் தெரியவேணும், அன்ரி. அவர் எழுதச் சொன்னால் வெள்ளி ஏழு மணிக்குள்ள தாளைக் கொண்டு வாங்கோ. வராட்டி நான் புத்தகத்தை எடுப்பன். பிறகு புத்தகம்தான்."

மாஸ்டர் என்ன சொன்னார்? திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வாயைத் திறந்தது சாப்பாட்டுக்கும் குளிசைக்கும்தான். இமெல்டா எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்த்தாள். இரத்த அழுத்தக் குளிசையைக் கொடுத்தேனா என்று பெட்டியைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். இருபது வருடத்தில் அவளுக்கு இப்படி ஒரு தடுமாற்றம் வந்ததில்லை.

எழுதுவதை விட்டால் என்ன? வியாழக்கிழமைப் பயம் இராது. யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். இப்படி நினைத்து ஒரு நிமிடம் நெஞ்சு லேசாயிற்று. அப்படி லேசானதே அடுத்த நிமிடம் அவளைப் பயமுறுத்தியது. புறக்கோட்டையில் பஸ் மாறும்போது, மூட்டைக்குக் கீழே கழுத்து வளைந்து நடந்த சுமைதூக்கும் நாட்டாமை ஒருவரைக் கண்டாள். மனதுக்குள் மன்றாட்டு வரி தானாக ஓடி வந்தது. "வேண்டாம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்றவர் அவளை ஒருமாதிரிப் பார்த்தார்.

வியாழன் பிற்பகல் மூன்று மணி. சாப்பாட்டு மேசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். தாள் எடுக்கவில்லை. அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இண்டைக்கு எழுதேல்லையோ?"

எழுந்து போய்க் கட்டிலருகே நின்றாள்.

"எழுதக்கூடாது எண்டு இருக்கிறன், மாஸ்டர்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள்தான் சொல்லவேணுமாம்."

"நான் என்ன பிஷப்போ?" அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓய்வுபெற்ற எண்டு எழுதியிருக்கலாம்."

"எழுதியிருக்கலாம்."

"நித்திரைக்கு உறக்கம் எண்டு போட்டிருக்கலாம்."

"அதுவும் சாவெண்டுதான் விளங்கும், மாஸ்டர்."

"ஓம். எல்லாச் சொல்லும் அங்கதான் போய் நிக்குது." பிறகு அவள் பக்கம் தலையைத் திருப்பினார். "நான் ஏன் நித்திரை கொள்ளுறேல்லை எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"தெரியாமல் என்னத்துக்கு எழுதினீர்?"

இமெல்டாவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெயரைக் கேட்காமல் போட்டது ஒரு பிழை. இது அதைவிடப் பெரிது. நோவு எங்கே என்று கேட்காமலே மருந்து கேட்டிருக்கிறாள். அதுவும் முந்நூறு பேர் வாயால்.

"கேக்காமல் விட்டது பிழைதான்," என்றாள். "இப்ப கேக்கிறன்."

"கண்ணை மூடினால் பிறகு திறக்கமாட்டன் எண்டு பயம்." அவர் அதைக் கணக்குச் சொல்வது போலச் சொன்னார். "ஐம்பது வருஷம் பிள்ளையளுக்கு மறைக்கல்வி படிப்பிச்சனான். மோட்சத்தைக் கரும்பலகையில கீறிக் காட்டினனான். இப்ப எனக்கே பயமாக் கிடக்கு. சுதாவுக்குச் சொன்னால் அழுவாள். பாதருக்குச் சொன்னால், நான் படிப்பிச்சதையே எனக்குத் திருப்பிச் சொல்லுவார். அவரும் என்னட்டப் படிச்சவர்தானே. அண்டைக்கு அந்த வளையத்தைப் பாத்தனீரோ? அவ்வளவு பெரிசு."

"பாத்தனான்."

"அதை எழுதும். என்ர பேர் வேண்டாம்."

அவள் தாளை எடுத்து வந்து கட்டிலருகிலேயே எழுதினாள். "சாவுக்குப் பயந்து இரவில் கண்ணை மூடாமல் இருக்கும் முதியவர்களுக்காக." அவரிடம் கொடுத்தாள். அவர் கையை நீட்டிப் பேனையை வாங்கி "முதியவர்களுக்காக" என்பதை வெட்டினார். கோடு நேராக விழுந்தது.

"முதியவர் மட்டுமோ? உமக்குப் பயமில்லையோ?"

"நான் எத்தனை பேரைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டிக்குள்ள வைச்சு அனுப்பினனான்."

"நான் அதைக் கேக்கேல்லை."

இமெல்டா யோசித்தாள். இறந்தவர் ஒவ்வொருவரின் தாடையையும் கட்டும்போது அவள் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைப் புத்தகத்தில் எழுதுவாள். நேரம் சரியாக எழுத வேண்டும், அது விதி. ஆனால் அந்த முகத்தைப் பாராமல் இருப்பதற்கும் அது நல்ல வசதியாக இருந்தது.

"இருக்கு," என்றாள். "பயம்தான்."

"அப்ப 'எங்களுக்காக' எண்டு எழுதும்."

நான்கு வருடமாக எழுதிய மன்றாட்டுகளில் அவள் தன்னை எங்கும் சேர்த்ததில்லை. எல்லாம் அவர்களுக்காக, இவர்களுக்காக. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று எழுதியவை. "எங்களுக்காக" என்று எழுத எவ்வளவு நேரம் எடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு ஐம்பதுக்குப் பங்குமனைக்குள் நுழைந்தாள். மூச்சு வாங்கியது. ரெனால்ட் பாதர் தாளை வாசித்தார். கடைசி வரியை மறுபடி வாசித்தார்.

"மாஸ்டர் என்ன சொன்னவர்?"

"எழுதச் சொன்னவர். இதில பாதி அவர் சொன்னது."

பாதரின் முகம் மாறியது. யாருடைய பயம் அது என்று விளங்கியிருக்க வேண்டும். பேனையை எடுத்தார், வைத்தார்.

"அன்ரி, சனம் கோயிலுக்கு வாறது தைரியம் தேடி. நாங்களே மைக்கில பயம் எண்டு வாசிச்சால் எப்பிடி?"

"பாதர், நோவில்லை எண்டு எழுதிவைச்சால் ஊசி போட ஒருத்தரும் வரமாட்டினம்."

அவர் சிரிக்கவில்லை. வாசிப்பேன் என்றும் சொல்லவில்லை. "நான் யோசிக்கவேணும். ஞாயிறு நீங்கள் வந்து கேளுங்கோ," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை சுதர்சினியிடம் ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் லீவு கேட்டாள். சுதர்சினியின் கண்கள் வீங்கியிருந்தன. முதல்நாள் இரவு அப்பா கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொன்னாராம். விடியும்வரை இருவரும் கதைத்தார்களாம். "நித்திரை கொள்ளேல்லை, அக்கா. ஆனால் லைட்டை நிப்பாட்டச் சொன்னவர். நீங்கள் போயிட்டு வாங்கோ."

ஞாயிறு பூசையில் இமெல்டா கடைசி வரிசை வாங்கில், வாசலுக்குப் பக்கத்தில் இருந்தாள். பிரசங்கத்தில் ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை. ரூபிகா என்ற ஆசிரியை தாளோடு எழுந்து போனாள். புத்தகம் இல்லை, தாள்தான். ஆனால் கடைசி வரி அந்தத் தாளில் இருக்குமா? முதலாவது மன்றாட்டு, இரண்டாவது, மூன்றாவது. சனம் வழக்கம்போல வாசகர் முடிக்குமுன்னரே பதிலை இழுத்தது.

"சாவுக்குப் பயந்து, இரவில் கண்ணை மூடாமல் இருக்கும் எங்களுக்காக..."

ரூபிகாவின் குரல் அந்த இடத்தில் சற்றுத் தடுக்கிற்று. முடித்தாள். பதில் வரவில்லை.

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை எதையோ கீழே போட்டது. முடிந்தது, என்று நினைத்தாள் இமெல்டா. இவர்கள் முன்னால் இதை எழுதியிருக்கக்கூடாது. எழுந்து வாசலால் போய்விட அவள் கால் தயாராயிற்று. அப்போது முன்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல் தனியாகப் பதில் சொன்னது. அதன் பின்னால் இன்னும் சில குரல்கள். பிறகு மற்றவை, முன்னும் பின்னுமாக, ஒன்றோடொன்று சேராமல். பீடத்திலிருந்து பாதரும் சொன்னார்.

பூசை முடிந்து வெளியே வந்தவர்களுக்குப் பாதர் வாசலில் கைகொடுத்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்த தாள் வெள்ளி ஏழு மணிக்குள்ள. பேர் போடுறதெண்டால் கேட்டிட்டுப் போடுங்கோ."

"கேக்காமல் போடமாட்டன், பாதர்."

பஸ் தரிப்பை நோக்கி விரைவாக நடந்தாள். லீவு முடிய முக்கால் மணித்தியாலம்தான் இருந்தது. பின்னால் யாரோ ஓடி வரும் செருப்புச் சத்தம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். இமெல்டா முன்பின் பார்த்திராதவள். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"நீங்கள்தானே எழுதுறது?"

இதுவரை வெளியாள் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள்.

"ஓம், நான்தான்."

"என்ர மகனைப் பற்றி... பேர் போடாமல்..." அந்தப் பெண் வாயைத் திறந்தாள், மூடினாள், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

இமெல்டாவுக்கு வியாழக்கிழமைப் பயம் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டது. பஸ் வந்து நின்றது. நடத்துனர் புறக்கோட்டை, புறக்கோட்டை என்று கூவினான். அவள் ஏறவில்லை.

"அந்த மதிலோரம் நிழல் இருக்கு," என்றாள். "அங்க நிண்டு ஆறுதலாச் சொல்லுங்கோ, பிள்ளை."